மந்தம் முடிந்த பிறகும் ஏன் வேலை இல்லை? நிதி நெருக்கடிக்குப் பின் பொருளாதாரத்தைக் கணிப்பது எப்படி

2010 செப்டம்பர் 20ஆம் தேதி அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆஃப் எகனாமிக் ரிசர்ச் (என்பிஇஆர்) ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலை 2009 ஜூனிலேயே முடிந்துவிட்டது என்றது அந்த அறிவிப்பு. அந்த நாட்டில் மந்தம் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தேதி குறிப்பது இந்த அமைப்பின் வேலை. அறிவிப்பு வந்த நாளில், வேலைக்குத் தயாராக இருந்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் மேல் வேலை கிடைக்காமல் இருந்தார்கள். "முடிந்துவிட்டது என்றால் எனக்கு ஏன் இன்னும் வேலை இல்லை?" என்று அவர்களில் ஒருவர் கேட்டால் அதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே நிதி நெருக்கடிக்குப் பிந்தைய பொருளாதாரம் பெருமளவு புரிந்துவிடும்.

குழியில் விழுந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். விழுவது நின்று, அவர் மேலே ஏற முதல் அடி எடுத்துவைத்த நாளைத்தான் 'மந்தம் முடிந்த நாள்' என்கிறார்கள். அவர் தரைக்கு வந்து சேர்ந்த நாள் அது இல்லை. செய்தியில் வரும் வளர்ச்சி விகிதம் அவர் ஏறும் வேகத்தைச் சொல்கிறது. அவர் இன்னும் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்பது வேறு கணக்கு.

எண்ணில் பார்ப்போம். ஒரு நாட்டின் உற்பத்தி 100 என்று வையுங்கள். சாதாரணமாக ஆண்டுக்கு 2.5 சதவீதம் வளர்கிற நாடு. நெருக்கடி வருகிறது, ஒன்றரை ஆண்டில் உற்பத்தி 96க்கு இறங்குகிறது. நான்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் நெருக்கடி வராமல் இருந்திருந்தால் அதே ஒன்றரை ஆண்டில் 104 பக்கம் போயிருக்க வேண்டும். ஆக, பள்ளம் எட்டு. இனிமேல் மறுபடியும் ஆண்டுக்கு 2.5 சதவீதம் வளர்ந்தால் செய்தித்தாளில் 'இயல்பான வளர்ச்சி திரும்பியது' என்று வரும். பள்ளமோ அப்படியே இருக்கும். நாலே ஆண்டில் அதை மூட வேண்டுமென்றால் ஆண்டுக்கு நாலரை சதவீதம் ஓட வேண்டும். வேலையில்லாதவர்கள் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறார்கள்.

இந்த எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை. ஆனால் 2008க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்தது ஏறக்குறைய இதுதான். உச்சியிலிருந்து அடிமட்டம் வரை உற்பத்தி நான்கு சதவீதம் போல விழுந்தது. வேலையின்மை விகிதம் 2007 டிசம்பரில் 5 சதவீதம். 2009 அக்டோபரில் 10 சதவீதம். அந்த அக்டோபர், மந்தம் 'முடிந்து' நான்கு மாதம் கழித்து வந்த அக்டோபர் என்பதைக் கவனியுங்கள். மொத்தம் 87 லட்சம் வேலைகள் போயின. வேலைகளின் எண்ணிக்கை பழைய உச்சத்தைத் தொட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வித்தியாசத்தைப் பிறருக்குப் புரியவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு: வணிகப் பொருளாதார நிபுணர்கள். வங்கியிலோ தொழிற்சாலையிலோ தொழில்துறைச் சங்கத்திலோ உட்கார்ந்துகொண்டு, 'இன்னொரு ஷிஃப்ட் போடலாமா, கடனை இப்போதே வாங்கலாமா, ஆளெடுப்பைத் தள்ளிப் போடலாமா' என்று நிர்வாகம் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர்கள். அமெரிக்காவில் இவர்களுக்கென்று 1959 முதல் நேஷனல் அசோசியேஷன் ஃபார் பிசினஸ் எகனாமிக்ஸ் என்ற சங்கமே இருக்கிறது. மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர்கள் அங்கே போய்ப் பேசுவது வழக்கம். கொள்கை வகுப்பவர்களும் அதை வைத்துத் திட்டம் போடுபவர்களும் ஒருவர் பேச்சை ஒருவர் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம். பொருளாதாரத்தைப் புதிதாகப் படிப்பவர்கள் இவர்களுடைய இடத்தில் நின்று பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். பொதுவான பேச்செல்லாம் அங்கே ஒரு குறிப்பிட்ட முடிவில் வந்து நின்றாக வேண்டும்.

எல்லா மந்தமும் ஒன்றில்லை

1981-82இலும் அமெரிக்காவில் கடுமையான மந்தம். வேலையின்மை 10.8 சதவீதம் வரை போனது. 2009ஐ விட அதிகம். ஆனால் 1984இல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 2009க்குப் பிறகு அப்படி ஓர் ஆண்டு வரவே இல்லை. ஏன்?

அந்தப் பழைய மந்தத்தை உண்டாக்கியதே மத்திய வங்கிதான். பணவீக்கத்தை அடக்க வட்டியைத் தாறுமாறாக உயர்த்தியது. வீடும் காரும் வாங்க நினைத்தவர்கள் வட்டியைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஆசையும் இருந்தது, வருமானமும் பலருக்கு இருந்தது. வட்டி இறங்கியதும் தேக்கிவைத்த தண்ணீர் மதகைத் திறந்ததுபோலப் பாய்ந்தது.

நிதி நெருக்கடியில் மதகு மூடியிருக்கவில்லை. அணையிலேயே தண்ணீர் இல்லை. ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் இது தெளிவாகும். 2006இல் 3 லட்சம் டாலருக்கு வீடு வாங்குகிறார்கள். கையிலிருந்து 60,000 போட்டு, மீதி 2,40,000க்குக் கடன். 2012க்குள் அமெரிக்க வீட்டு விலைகள் சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தன. 27 சதவீதம் என்று போட்டால் அந்த வீட்டின் மதிப்பு 2,19,000. கடன் மட்டும் விழுவதில்லை. எளிமைக்காக அசலை அடைத்ததைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால், அவர்கள் போட்ட 60,000 போய், அதற்கு மேலும் 21,000 டாலர் பள்ளத்தில் இருக்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வேலை போகவில்லை, சம்பளமும் குறையவில்லை. இருந்தாலும் அவர்கள் பழையபடி செலவு செய்ய மாட்டார்கள். பழைய காரையே ஓட்டுவார்கள், சமையலறையைப் புதுப்பிப்பதைத் தள்ளிப் போடுவார்கள், மிச்சம் பிடித்துக் கடனை அடைப்பார்கள். சரி, வட்டி குறைந்திருக்கிறதே, பழைய கடனை அடைத்துக் குறைந்த வட்டியில் புதிதாக வாங்கலாமே என்றால், கடனைவிட மதிப்புக் குறைந்த வீட்டை நம்பி எந்த வங்கி கடன் கொடுக்கும்? மத்திய வங்கி வட்டியைக் குறைத்த பலன் இந்த வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. ஒரு வீடு என்றால் பரவாயில்லை. லட்சக்கணக்கான வீடுகள் ஒரே சமயத்தில் இப்படி இருந்தன. நெருக்கடிக்கு முன் அமெரிக்கக் குடும்பங்களின் மொத்தக் கடன், வரி போகக் கையில் வரும் ஆண்டு வருமானத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. அது இறங்குவதற்குப் பல ஆண்டு பிடித்தது.

இன்னொரு பக்கம் வங்கிகள். ஒரு வங்கி 100 ரூபாய் கடன் கொடுத்திருக்கிறது. அதில் அதன் சொந்த மூலதனம் 5, மீதி 95 மற்றவர்களுடைய பணம். கடனில் 2 ரூபாய் வராமல் போகிறது. நூற்றில் இரண்டு சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் நஷ்டம் முழுவதும் சொந்த மூலதனத்திலிருந்துதான் போகும். இப்போது மூலதனம் 3. நூற்றுக்கு ஐந்து என்ற பழைய விகிதத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒன்று புதிதாக மூலதனம் திரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த கடனை 60க்குச் சுருக்க வேண்டும். இரண்டு ரூபாய் நஷ்டம் நாற்பது ரூபாய்க் கடனைத் துடைத்துவிடுகிறது. நெருக்கடி ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் போதும். ஃபெடரல் ரிசர்வ் வங்கிக் கடன் அதிகாரிகளிடம் காலாண்டுக்கு ஒருமுறை ஒரு கருத்துக்கணிப்பு நடத்தும். 2008 அக்டோபரில், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கான கடன் நிபந்தனைகளை இறுக்கிவிட்டோம் என்று பதில் சொன்ன வங்கிகள் எண்பது சதவீதத்துக்கும் மேல்.

ஆக, கடன் வாங்கியவர் கடனை அடைப்பதில் இருக்கிறார். கொடுப்பவர் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார். நிதி நெருக்கடிக்குப் பிறகு மீட்சி மெதுவாக வருவதற்கு அடிப்படை இதுதான். 1990களில் ஜப்பான் பட்டதும் இதே பாடுதான்.

கொள்கை வகுப்பவர்கள் என்ன செய்தார்கள்

முதல் வேலை தீயை அணைப்பது. 2008 செப்டம்பர் 15இல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் வரை கடன் தர ஃபெடரல் ரிசர்வ் முன்வந்தது. அக்டோபர் 3இல் 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டம் சட்டமானது. வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே பயந்த நாட்கள் அவை. வங்கிகள் தங்களுக்குள் மூன்று மாதக் கடனுக்குக் கேட்கும் வட்டி, அபாயம் அனேகமாக இல்லாத வட்டியைவிடச் சாதாரணமாக 0.1 சதவீதப் புள்ளிதான் கூடுதலாக இருக்கும். அந்த அக்டோபரில் இடைவெளி 3.5 புள்ளியைத் தாண்டியது. நம்பிக்கை எவ்வளவு வற்றிப்போனது என்பதை எண்ணால் அளக்க முடியுமென்றால், அந்த எண் இதுதான்.

இவற்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, என் பார்வையில் மிக முக்கியமான ஒன்று, 2009 மே 7இல் நடந்தது. நிலைமை இன்னும் மோசமானால் உங்கள் கதி என்ன என்று 19 பெரிய வங்கிகளைத் தனித்தனியாகச் சோதித்து, முடிவை வங்கிப் பெயரோடு வெளியிட்டார்கள். பத்து வங்கிகளுக்கு மொத்தம் சுமார் 7,500 கோடி டாலர் கூடுதல் மூலதனம் தேவை என்று வந்தது. அதுவரை எந்த வங்கி நல்லது, எது கெட்டது என்று தெரியாததால் எல்லோரையும் சந்தேகித்தார்கள். தொகை தெரிந்ததும் பயத்துக்கு ஓர் எல்லை கிடைத்தது. பல வங்கிகள் தனியார் முதலீட்டாளர்களிடமே மூலதனம் திரட்டிக்கொள்ள முடிந்தது. உண்மையைச் சொன்னதே அங்கே மருந்தாக வேலை செய்தது.

அப்புறம் வட்டி. 2007 செப்டம்பர் வரை 5.25 சதவீதமாக இருந்த கொள்கை வட்டி, 2008 டிசம்பர் 16இல் பூஜ்யத்துக்கும் 0.25க்கும் இடையே கொண்டுவரப்பட்டது. அதற்கு மேல் இறக்க இடமில்லை. ஆனால் எவ்வளவு இறங்கியிருக்க வேண்டும்? ஜான் டெய்லர் என்ற பொருளாதார அறிஞர் 1993இல் சொன்ன ஒரு விதி இருக்கிறது. பணவீக்கத்தோடு 2ஐக் கூட்டுங்கள். பணவீக்கம் 2 என்ற இலக்கிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதில் பாதியைச் சேருங்கள். உற்பத்தி தன் இயல்பான மட்டத்திலிருந்து எத்தனை சதவீதம் விலகியிருக்கிறதோ அதில் பாதியையும் சேருங்கள். நம் பழைய உதாரணத்தில் பள்ளம் சுமார் 8 சதவீதம். பணவீக்கம் 1 என்று வைப்போம். 1ஐயும் 2ஐயும் கூட்டினால் 3. பணவீக்கம் இலக்கைவிட 1 குறைவு, அதில் பாதியான 0.5 போனால் 2.5. பள்ளத்தில் பாதி 4 போனால் மைனஸ் 1.5. வட்டி பூஜ்யத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்கிறது விதி! வட்டியைப் பூஜ்யத்தில் பார்த்துவிட்டு 'பணம் தாராளமாகக் கிடைக்கிறது' என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து புரியும். பூஜ்யமும் அந்தப் பள்ளத்துக்கு அதிக வட்டிதான்.

அதனால்தான் வேறு வழி தேடினார்கள். குறுகிய கால வட்டி பூஜ்யத்தில் இருந்தாலும் வீட்டுக் கடனையும் தொழிற்சாலைக் கடனையும் தீர்மானிக்கும் நீண்ட கால வட்டி இன்னும் மேலேதான் இருந்தது. அதை இறக்க, ஃபெடரல் ரிசர்வ் நீண்ட காலப் பத்திரங்களைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியது. கியூஇ என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். வாங்க ஆள் கூடினால் பத்திரத்தின் விலை ஏறும். விலை ஏறினால் அதன் மீதான வட்டி வருமானம் இறங்கும். 2008 நவம்பரில் முதல் அறிவிப்பு, 2009 மார்ச்சில் அது விரிந்தது, 2010 நவம்பரில் இன்னொரு 60,000 கோடி டாலர், 2012 செப்டம்பரில் மூன்றாவது சுற்று. நெருக்கடிக்கு முன் 90,000 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்த ஃபெடரல் ரிசர்வின் சொத்து 2014 முடிவில் 4.5 லட்சம் கோடி டாலரானது.

இவ்வளவு பணத்தை உருவாக்கினால் விலைவாசி எகிறிவிடும் என்று பலர் உறுதியாகச் சொன்னார்கள். படித்தவர்கள், அனுபவசாலிகள்தான். ஆனால் உணவு, எரிபொருள் நீங்கலான நுகர்வோர் பணவீக்கம் 2010 அக்டோபரில் 0.6 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தக் கணக்கு எடுக்கத் தொடங்கிய 1957க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவு. காரணம், மத்திய வங்கி உருவாக்கிய பணம் சந்தைக்குப் போகவில்லை. பத்திரத்தை விற்ற தொகை வங்கிகளின் கணக்கில் சேர்ந்து, ஃபெடரல் ரிசர்விலேயே இருப்பாகக் கிடந்தது. அந்த இருப்புக்கு 2008 அக்டோபரிலிருந்து வட்டியும் கிடைத்தது. மேலே பார்த்த குடும்பம் கடன் கேட்கவில்லை. மேலே பார்த்த வங்கி கொடுக்கத் தயாராக இல்லை. பிறகு பணம் எப்படிச் சுற்றும்? பணத்தின் அளவைப் பார்த்துப் பணவீக்கத்தைக் கணித்தவர்கள், அது கை மாறுகிறதா என்று பார்க்கத் தவறினார்கள்.

வட்டி கைகொடுக்காத இடத்தில் அரசுதான் செலவு செய்ய வேண்டியிருந்தது. 2009 பிப்ரவரியில் 78,700 கோடி டாலர் ஊக்கத் திட்டம் சட்டமானது. வரிச் சலுகை, மாநிலங்களுக்கு உதவி, வேலையில்லாதோர் நிவாரணம், சாலை, பாலம் எல்லாம் அதில் அடக்கம். அது போதுமா, அதிகமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. பள்ளத்தின் ஆழத்தோடு ஒப்பிட்டால் சிறியது என்பதே என் கருத்து. பழைய படிப்பினை ஒன்றும் இருந்தது. 1930களின் பெருமந்தத்திலிருந்து நாடு மீண்டுகொண்டிருந்தபோது, 1936-37இல் அரசு செலவைச் சுருக்கியது, வரி கூடியது, மத்திய வங்கி வங்கிகளின் கட்டாய இருப்பு விகிதத்தை இரட்டிப்பாக்கியது. 1937 மே மாதத்தில் மறுபடி மந்தம்; தொழில் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. 2006 முதல் 2014 வரை ஃபெடரல் ரிசர்வின் தலைவராக இருந்த பென் பெர்னான்கி அந்தப் பெருமந்தத்தைத்தான் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர். 2022இல் நோபல் பரிசு கிடைத்ததும் அந்த ஆய்வுக்காகத்தான்.

ஒரு கேள்வி, ஒரு பதில்

இப்போது 2010 ஜனவரி இறுதி. அமெரிக்காவில் மரச்சாமான் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் நீங்கள் பொருளாதார நிபுணர் என்று வைத்துக்கொள்வோம். 2009இன் கடைசிக் காலாண்டில் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, ஆண்டு விகிதத்தில் (அதே வேகம் ஓராண்டு நீடித்தால் என்ற கணக்கில்) 5.7 சதவீதம் வளர்ந்ததாக முதல் மதிப்பீடு வந்திருக்கிறது. மேலதிகாரி உற்சாகமாகக் கூப்பிடுகிறார்: "இரண்டாவது ஷிஃப்ட் தொடங்கிவிடலாமா?"

முதலில் 5.7ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 3.4 புள்ளி சரக்கு இருப்பிலிருந்து வந்தது. நெருக்கடியில் பயந்துபோன நிறுவனங்கள் கிடங்கில் இருந்ததையே விற்றுத் தீர்த்தன, புதிதாகத் தயாரிக்கவில்லை. இப்போது கிடங்கு காலியாவது மெதுவானதாலேயே உற்பத்தி கூடிவிட்டது. வாங்குபவர் கூடியதால் வந்த வளர்ச்சி மீதமுள்ள இரண்டு புள்ளிச் சொச்சம்தான். கிடங்கு நிரப்புவது ஒருமுறை நடக்கிற காரியம். அடுத்த ஆண்டும் அது வரும் என்று ஷிஃப்ட் போட முடியாது.

அடுத்தது, மரச்சாமான் யார் வாங்குகிறார்கள்? வீடு மாறுபவர்கள். வீட்டு விற்பனை கொஞ்சம் தலைதூக்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் முதல் வீடு வாங்குவோருக்கு அரசு 8,000 டாலர் வரை வரிச் சலுகை தருகிறது. ஏப்ரல் 30க்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டும். இலையுதிர் காலத்தில் வாங்க நினைத்தவர் வசந்த காலத்திலேயே வாங்கிவிடுவார். இது எதிர்காலத்திலிருந்து கடன் வாங்கிய விற்பனை. அப்படித்தான் ஆனது: 2010 ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை ஒரே மாதத்தில் 27 சதவீதம் விழுந்தது. புது வீடு கட்டுவதைப் பார்த்தால் அங்கேயும் ஆறுதல் இல்லை. 2005இல் 20 லட்சத்துக்கும் மேல் வீடுகள் கட்டத் தொடங்கிய நாட்டில் 2009இல் தொடங்கியவை சுமார் 5.5 லட்சம்.

எனவே உங்கள் பதில் இப்படி இருக்கும்: "உற்பத்தியைக் கூட்டலாம், ஆனால் நிரந்தர ஷிஃப்ட் வேண்டாம். இருப்பவர்களுக்கு ஓவர்டைம் கொடுப்போம். தேவைப்பட்டால் தற்காலிக ஆட்களை எடுப்போம். இலையுதிர் காலத்துக்குப் பிறகும் ஆர்டர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுப்போம்." பொறுப்பான பதில். அதே சமயம், நாடு முழுக்க ஆயிரக்கணக்கான நிறுவனங்களில் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். 2009 இலையுதிர் காலத்திலேயே தற்காலிகப் பணியாளர் எண்ணிக்கை ஏறத் தொடங்கியதும், மொத்த வேலை எண்ணிக்கை அடுத்த ஆண்டு வசந்த காலம் வரை தேங்கிக் கிடந்ததும் அதனால்தான். ஒவ்வொருவரும் உறுதி கிடைக்கட்டும் என்று காத்திருக்க, அந்தக் காத்திருப்பே மீட்சியைத் தாமதமாக்கியது. தொடக்கத்தில் கேள்வி கேட்டவருக்குப் பதிலின் மறுபாதி இங்கே இருக்கிறது: அவருக்கு வேலை கொடுக்க வேண்டியவர் நாளைய ஆர்டரை இன்னும் நம்பவில்லை.

கணிப்பவர்கள் எங்கே தவறினார்கள்

கையில் உள்ள எண்ணே முதலில் சரியாக இருக்க வேண்டுமே! 2008இன் கடைசிக் காலாண்டில் ஜிடிபி ஆண்டு விகிதத்தில் 3.8 சதவீதம் குறைந்ததாக 2009 ஜனவரியில் அறிவித்தார்கள். முழுத் தகவல் வரவரத் திருத்தினார்கள். கடைசியில் வீழ்ச்சி 8 சதவீதத்துக்கும் மேல் என்று ஆனது. ஊக்கத் திட்டத்தின் அளவை விவாதித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்தது பழைய எண். பள்ளத்தின் பாதி ஆழம் கூடக் கண்ணுக்குத் தெரியாமல் திட்டம் போட்டார்கள். திருப்புமுனைகளில் முதல் மதிப்பீடு இப்படிக் காலை வாரும். அதனால் ஜிடிபியோடு வாரந்தோறும் வரும் வேலையின்மை உதவி மனுக்கள், கொள்முதல் மேலாளர்கள் கருத்துக்கணிப்பு, கட்டட அனுமதிகள், வங்கிக் கடன் அதிகாரிகளின் பதில்கள் இவற்றையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். புது மனுக்கள் 2009 மார்ச் இறுதியில் வாரத்துக்கு 6.5 லட்சத்தைத் தாண்டி உச்சம் தொட்டுவிட்டுத் திரும்பின. கொள்முதல் மேலாளர்கள் குறியீடு அந்த ஆகஸ்டில் 50க்கு மேலே ஏறியது; 50ஐத் தாண்டினால் தொழில்துறை விரிகிறது என்று பொருள். மந்தத்தின் முடிவை என்பிஇஆர் அறிவிப்பதற்கு ஓர் ஆண்டுக்கும் முன்பே இவை சொல்லிவிட்டன.

பெரிய தவறு வேறு இடத்தில் நடந்தது. 2011 ஜனவரியில் ஃபெடரல் ரிசர்வ் அதிகாரிகளில் பெரும்பாலோர் அந்த ஆண்டு வளர்ச்சி 3.4 முதல் 3.9 சதவீதம் வரை இருக்கும் என்று கணித்தார்கள். வந்தது அதில் பாதிக்கும் குறைவு. ஒருமுறை தவறினால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஆண்டுகளில் கணிப்புகள் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் தவறின: அடுத்த ஆண்டு வேகம் பிடிக்கும் என்று சொல்வார்கள், அடுத்த ஆண்டு வந்ததும் அதற்கடுத்த ஆண்டைக் காட்டுவார்கள். தவறு மேலும் கீழுமாக மாறி மாறி வந்தால் அது தற்செயல். ஒரே பக்கம் வந்தால் கணிக்கும் முறையிலேயே ஏதோ விடுபட்டிருக்கிறது. விடுபட்டது அந்தக் குடும்பமும் அந்த வங்கியும். பழைய மந்தங்களை வைத்துப் பழகிய முறைகள், வட்டி இறங்கினால் செலவு திரும்பும் என்றே எடுத்துக்கொண்டன. நிதி நெருக்கடிக்குப் பின் மீட்சி நீண்டு இழுக்கும் என்று பல நாடுகளின் வரலாற்றைத் தொகுத்து பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் அப்போதே எச்சரித்திருந்தார்கள்.

கொள்கையே கணிப்பின் ஒரு பகுதியாகிவிடுவது இன்னொரு சிக்கல். 2011 ஆகஸ்டில், குறைந்தது 2013 நடுப்பகுதி வரை வட்டி இப்படியே தாழ்வாக இருக்க வாய்ப்பு உண்டு என்று ஃபெடரல் ரிசர்வ் தேதி போட்டுச் சொன்னது. இயந்திரம் வாங்கக் கடன் தேடும் நிறுவனத்துக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி. எத்தனை ஆண்டுக்கு என்ன வட்டி என்று கணக்குப் போட முடியும். அதே வாக்கியம் மறுபக்கமும் வெட்டும். 2013 மே மாதம், பத்திரம் வாங்குவதைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று பெர்னான்கி சொன்னார். கொள்கை வட்டி அசையவே இல்லை. ஆனாலும் மே தொடக்கத்தில் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்த பத்தாண்டு அரசுப் பத்திர வட்டி செப்டம்பருக்குள் 3 சதவீதத்தை நெருங்கியது. வெறும் பேச்சுக்கே இந்த விலை. ஐரோப்பிய மத்திய வங்கி ஒரு படி மேலே போய், 2011 ஏப்ரலிலும் ஜூலையிலும் வட்டியை உயர்த்தியே விட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டையும் திரும்பப் பெற வேண்டியிருந்தது. ஜப்பானும் 2000 ஆகஸ்டில் அவசரப்பட்டு உயர்த்திவிட்டு, அடுத்த ஆண்டே பின்வாங்கிய நாடுதான்.

அமெரிக்கா 2015 டிசம்பர் வரை காத்திருந்து முதன்முறையாக 0.25 புள்ளி உயர்த்தியது. பூஜ்யத்துக்கு வந்து சரியாக ஏழு ஆண்டுகள். அந்த டிசம்பரில் வேலையின்மை விகிதம் 5 சதவீதம்; 2007 டிசம்பரில் இருந்த அதே எண். குழியில் விழுந்தவர் தரைக்கு வந்துவிட்டார் என்று சொல்லலாம்தான். ஆனால் அந்த விகிதம் வேலை தேடுபவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கும். வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்து, வயதுவந்த மக்களில் எத்தனை பங்கு என்று பார்த்தால், 2007 டிசம்பரில் 66 சதவீதம். எட்டு ஆண்டு கழித்து 63க்கும் கீழே. அதில் ஒரு பகுதி வயதாகி ஓய்வு பெற்றவர்கள். மீதிப் பேரில் பலர் தேடித் தேடி அலுத்து, தேடுவதையே விட்டவர்கள்.